பிரிய மறுக்கும் இறால் செல்கள்: ஆய்வகங்களில் நாற்பது ஆண்டுகளாகத் தொடரும் முயற்சி

இந்தியா 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி செய்த கடல் உணவுப் பொருள்களின் மதிப்பு ரூ.62,408 கோடி. இதில் உறைநிலை இறாலின் பங்கு மட்டும் ரூ.43,334 கோடி, அளவு 7.41 லட்சம் டன். இத்தனை பெரிய வணிகத்தைத் தாங்கி நிற்கும் இறாலின் செல்களை, அதன் உடலுக்கு வெளியே ஆய்வகத் தட்டில் தொடர்ந்து பெருகச் செய்யும் முயற்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. மனிதன், எலி, கோழி, மீன், கொசு, அந்துப்பூச்சி ஆகியவற்றின் செல்கள் எல்லாம் ஆய்வகங்களில் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இறாலின் செல்களோ சில நாள்கள் அல்லது சில வாரங்கள் உயிரோடு இருக்கின்றன. அரிதாகச் சில மாதங்கள் தாக்குப்பிடிக்கின்றன. பின்னர் பெருகாமலேயே மடிந்துவிடுகின்றன.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் இறால் இறைச்சி குறித்த செய்திகள் அண்மைக் காலத்தில் பரவலாக வெளியாகின்றன. சாப்பாட்டுத் தட்டுக்கு வரப்போகும் புதுமை உணவு என்ற அளவிலேயே அவை பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றன. ஆனால், இந்த ஆய்வு தொடங்கியது உணவுக்காக அல்ல, நோய்க்காக. பண்ணைக் குளங்களை அழிக்கும் வைரஸ்களை ஆராய்வதற்கு இறால் செல்கள் தேவைப்பட்டன. உணவு நிறுவனங்கள் பல ஆண்டுகள் கழித்து வந்து நின்றதும் அதே பூட்டிய கதவின் முன்புதான்.

குளத்தை அழிக்கும் வைரஸ்

கிழக்கு ஆசியாவில் 1992-இல் தென்பட்ட வெள்ளைப்புள்ளி நோய், 1994-இல் இந்தியாவின் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளை வந்தடைந்தது. நோய் தாக்கிய இறால்கள் தீனி எடுப்பதை நிறுத்திவிட்டுக் குளத்தின் கரையோரம் ஒதுங்கும். ஓட்டின் உட்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். 3 முதல் 10 நாள்களுக்குள் குளத்தில் உள்ள இறால்கள் முழுவதும் மடிந்துபோவதும் உண்டு. இந்நோயை உண்டாக்கும் வைரஸ், சுமார் 3 லட்சம் இணை எழுத்துகளைக் கொண்ட மிகப்பெரிய டிஎன்ஏ வைரஸ். நண்டு, சிங்கி இறால் உள்ளிட்ட வேறு ஓட்டுடலிகளிலும் இது தொற்றும் என்பதால், ஒரு பகுதியில் புகுந்துவிட்டால் முற்றிலும் அகற்றுவது கடினம்.

அக்காலத்தில் இந்தியப் பண்ணைகளில் புலி இறாலே முதன்மையாக வளர்க்கப்பட்டது. 2009-இல் பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட வனாமி இறாலை வளர்க்க அனுமதி அளிக்கப்பட்டது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லை எனச் சான்றளிக்கப்பட்ட தாய் இறால்கள் வெளிநாடுகளிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்பட்டு, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தல் மையத்தில் வைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. இந்த ஏற்பாடு தாய் இறால் வழியாக நோய் நுழைவதைத் தடுக்கிறது. குளத்துக்கு வரும் நீர், காட்டு நண்டு, பறவை ஆகியவற்றின் வழியாக நுழைவதைத் தடுப்பது பண்ணையாளரின் பொறுப்பாகவே இருக்கிறது.

நோயைக் கண்டறிவதற்குக் கரோனா காலத்தில் அனைவருக்கும் அறிமுகமான பிசிஆர் பரிசோதனையே இங்கும் பயன்படுகிறது. அது வைரஸின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று சொல்லும். அந்த வைரஸ் இன்னும் தொற்றும் ஆற்றலுடன் இருக்கிறதா, செயலிழந்த எச்சம் மட்டும்தானா என்று சொல்லாது. கால்நடை நோய்களில் இந்தக் கேள்விக்கு விடை காண, மாதிரியை உயிருள்ள செல்கள் மீது இட்டு, செல்கள் அழிகின்றனவா என்று பார்க்கிறார்கள். இறாலைப் பொறுத்தவரை அத்தகைய செல்கள் கிடையாது. நோயற்ற இறால்களை வாங்கி, தொட்டியில் விட்டு, ஊசி மூலம் மாதிரியைச் செலுத்தி அவை மடிகின்றனவா என்று காத்திருக்க வேண்டும். ஒரு தொட்டி இறாலும் அடுத்த தொட்டி இறாலும் வயதிலும் உடல்நிலையிலும் ஒன்றாக இருப்பதில்லை. எனவே முடிவுகளை ஒப்பிடுவதும் எளிதன்று.

இது ஆய்வாளர்களின் சிரமம் மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் லோகன் ஆற்றுப் பகுதிப் பண்ணைகளில் 2016 இறுதியில் வெள்ளைப்புள்ளி நோய் வெடித்தபோது, சமைக்கப்படாத இறால் இறக்குமதியை அந்நாடு 2017 ஜனவரியில் நிறுத்தி வைத்தது. பின்னர் கடுமையான பரிசோதனை நிபந்தனைகளுடன் வணிகம் மீண்டும் தொடங்கியது. உறைய வைக்கப்பட்ட இறாலில் உள்ள வைரஸ் எந்த அளவுக்கு உயிர்ப்புடன் இருக்கும் என்ற வினா, இத்தகைய முடிவுகளின் மையத்தில் இருப்பது. அதற்கு விரைவாகவும் அளவிட்டும் விடை தரக்கூடிய கருவி, தொடர்ந்து பெருகும் ஓர் இறால் செல் வரிசைதான்.

அண்மை ஆண்டுகளில் பண்ணையாளர்களை வாட்டும் இஹெச்பி நுண்ணுயிரியின் நிலையும் இதுவே. தாய்லாந்தில் 2009-இல் விவரிக்கப்பட்ட இந்த ஒட்டுண்ணி இறாலைக் கொல்வதைவிட அதன் வளர்ச்சியை முடக்குகிறது. தீனிச் செலவு ஏறிக்கொண்டே போக, அறுவடையில் பொடி இறாலே மிஞ்சுகிறது. செல்லுக்கு உள்ளே மட்டுமே வாழக்கூடிய உயிரி என்பதால், வளர்ப்புச் செல்கள் இல்லாமல் அதை ஆய்வகத்தில் பெருக்கவோ, மருந்துகளை வரிசையாகச் சோதிக்கவோ வழியில்லை.

செல் வரிசை என்பது என்ன?

உயிரினத்தின் உடலிலிருந்து ஒரு திசுவை எடுத்து, ஊட்டச்சத்துக் கரைசலில் இட்டு வளர்ப்பது முதல்நிலை வளர்ப்பு எனப்படுகிறது. அந்தச் செல்கள் பிரிந்து பெருகி, தட்டு நிரம்பியதும் ஒரு பகுதியை எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றலாம்; அது நிரம்பியதும் மற்றொன்றுக்கு. இவ்வாறு முடிவில்லாமல் தொடரக்கூடிய செல் கூட்டமே செல் வரிசை. அதை உறைய வைக்கலாம், உலகின் வேறொரு மூலைக்கு அனுப்பலாம், ஐந்து ஆண்டு கழித்து எடுத்து மீண்டும் வளர்க்கலாம். சென்னையிலும் பாங்காக்கிலும் ஒரே செல்லின் மீது ஒரே சோதனையைச் செய்து ஒப்பிட முடிவது இதனால்தான்.

மனித செல்களில் முதலாவதான ஹீலா வரிசை 1951-இல் உருவானது. வானவில் டிரவுட் மீனின் இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து பெறப்பட்ட முதல் நிரந்தர மீன் செல் வரிசை 1962-இல் வந்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் தாமஸ் கிரேஸ், அந்துப்பூச்சியின் சூலகத் திசுவிலிருந்து முதல் பூச்சி செல் வரிசைகளை உருவாக்கினார்.

பூச்சிகளைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் புற ஓடு உண்டு, இரண்டும் தோலுரித்து வளர்பவை. பூச்சியில் முடிந்தது இறாலிலும் முடியும் என்று எதிர்பார்த்தது இயல்பே. இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் முக்கிய இடம் இருக்கிறது. புணேயில் அப்போது வைரஸ் ஆராய்ச்சி மையம் என்றும் இப்போது தேசிய வைராலஜி நிறுவனம் என்றும் அழைக்கப்படும் அமைப்பில் பணியாற்றிய கே.ஆர்.பி. சிங், 1967-இல் ஏடிஸ் கொசுக்களின் புழுக்களிலிருந்து செல் வரிசைகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றிலிருந்து 1978-இல் பிரித்தெடுக்கப்பட்ட சி6/36 என்ற வகை, டெங்கு வைரஸை வளர்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. மக்காச்சோள வயல்களை நாசமாக்கும் படைப்புழுவின் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்த எஸ்எஃப்9 என்ற வரிசையில்தான் நோவாவாக்ஸ் நிறுவனத்தின் கரோனா தடுப்பூசிக்கான புரதம் உற்பத்தி செய்யப்பட்டது. புணே சீரம் நிறுவனம் அதைக் கோவோவாக்ஸ் என்ற பெயரில் தயாரித்தது.

மீன்களிலும் இந்தியா பின்தங்கவில்லை. நாட்டின் முதல் கடல் மீன் செல் வரிசை, கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து ராணிப்பேட்டையை அடுத்த மேல்விஷாரத்தில் உள்ள சி.அப்துல் ஹக்கீம் கல்லூரியில் ஏ.எஸ்.சாகுல் ஹமீது தலைமையிலான குழுவால் உருவாக்கப்பட்டு, 2006-இல் ஆய்விதழில் வெளியானது. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளங்கள் பணியகத்தில் மீன் செல் வரிசைகளுக்கென்றே தேசியக் களஞ்சியம் இயங்குகிறது. இத்தனை அனுபவமும் திறமையும் இருந்தும் இறாலில் மட்டும் கதை வேறாக இருக்கிறது.

ஆய்வகத் தட்டில் நடப்பது

தைவான் ஆய்வாளர்கள் 1986-இல் புலி இறாலின் திசுக்களை வளர்த்த முறையை வெளியிட்டனர். அதன் பிறகு ஜப்பான், அமெரிக்கா, தாய்லாந்து, சீனா, இந்தியா எனப் பல நாடுகளில் பின்பற்றப்பட்ட நடைமுறை அடிப்படையில் ஒன்றுதான்.

உயிருள்ள இறாலை முதலில் குளோரின் அல்லது அயோடின் கலந்த குளிர்நீரில் அமிழ்த்துகிறார்கள். சேற்றிலும் உவர்நீரிலும் வாழும் விலங்கின் உடலெங்கும் நுண்ணுயிர்கள் இருப்பதால், இந்தக் கட்டத்தில் சிறிது கவனம் பிசகினாலும் மறுநாள் தட்டில் பாக்டீரியாதான் வளர்ந்திருக்கும். பின்னர் நிணநீர் உறுப்பு, சூலகம், இதயம், செவுள், நரம்புத் தண்டு, ரத்தச் செல்கள் ஆகியவற்றில் ஒன்று எடுக்கப்படுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் நாடியது நிணநீர் உறுப்பை. பீனியஸ் குடும்ப இறால்களில் மட்டும் காணப்படும் இந்தச் சிறு உறுப்பை ஜப்பானைச் சேர்ந்த ஓகா விவரித்ததால், அது ஓகா உறுப்பு என்றும் அழைக்கப்படுகிறது.

திசுவை நறுக்கித் தட்டில் ஒட்டவைத்து, அதன் மீது வளர்ப்புக் கரைசல் ஊற்றப்படுகிறது. ஆல்பர்ட் லீபோவிட்ஸ் 1963-இல் பாலூட்டி செல்களுக்காக வடிவமைத்த எல்-15 என்ற கரைசலே இறாலுக்கும் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் செறிவை இரட்டிப்பாக்கி. இறாலின் உடல்நீரில் கரைந்துள்ள உப்புகளின் செறிவு மனித ரத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதே காரணம். இத்துடன் கருவிலுள்ள கன்றின் ரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் சீரம், இறால் தசைச் சாறு, நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள் சேர்க்கப்படுகின்றன. வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ்.

முதல் நாளிலேயே பலன் தெரியும். நறுக்கிய திசுவின் ஓரங்களிலிருந்து செல்கள் வெளியேறித் தட்டின் மீது பரவத் தொடங்கும். சில நாள்களில் ஒரு மெல்லிய படலம் உருவாகிவிடும். இந்தக் காட்சியைப் பார்த்து வெற்றி பெற்றதாக நம்பியவர்கள் பலர். ஆனால் அந்தச் செல்கள் புதிதாகப் பிறந்தவை அல்ல. திசுவுக்குள் ஏற்கெனவே இருந்து நகர்ந்து வந்தவை. எண்ணிக்கை கூடுவதில்லை. அடுத்த தட்டுக்கு மாற்றினால் ஒட்டுவதில்லை.

பிரிதல் நின்றுபோவது ஏன்?

இதற்கு ஒற்றை விடை இல்லை. மனித செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கை முறை பிரிந்த பின் நின்றுபோவதற்கு, குரோமோசோம்களின் முனைகள் தேய்ந்துபோவது முக்கியக் காரணம். அந்த முனைகளைப் புதுப்பிக்கும் டெலோமரேஸ் என்ற நொதி, வளர்ந்த இறாலின் திசுக்களிலும் செயல்பாட்டுடன் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆகவே இறால் செல்கள் பலமுறை பிரிந்து களைத்துப் போகவில்லை. பிரிவதைத் தொடங்கவே இல்லை.

விந்தை என்னவென்றால், அந்த விலங்கின் உடலுக்குள் செல் பிரிதல் தாராளமாகவே நடக்கிறது. கால் முறிந்த ஓட்டுடலி அடுத்தடுத்த தோலுரிப்புகளில் புதிய காலை வளர்த்துக்கொள்கிறது. இறாலின் தூரத்து உறவான பார்ஹயாலே என்ற சிறு ஓட்டுடலியில், புதிய காலின் தசையை உருவாக்கும் மூலச்செல்கள் இருப்பதைப் பிரான்ஸில் நடைபெற்ற ஆய்வு 2014-இல் காட்டியது. அவை நம் தசையைச் செப்பனிடும் செல்களை ஒத்தவை. எனில், பிரியும் ஆற்றல் இல்லாமல் இல்லை. உடல் கொடுக்கும் ஏதோ ஒரு சமிக்ஞை, தட்டில் கிடைப்பதில்லை.

அந்தச் சமிக்ஞை எது என்பதில்தான் சிக்கல். பாலூட்டி செல்களைப் பெருக்கத் தூண்டும் புரதங்கள் பெயர் பெயராக அடையாளம் காணப்பட்டு, குப்பிகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. இறாலுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. கன்றின் சீரத்தில் இருப்பவை பசுவின் உடல் மொழி. இறால் செல்லின் மேற்பரப்பில் அதைப் புரிந்துகொள்ளும் ஏற்பிகள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு தசாப்த முயற்சியின் பெரும்பகுதி, இந்தச் சேர்மானத்தில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற சோதனையிலேயே கழிந்திருக்கிறது. கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு இறாலுக்கென்றே தனி வளர்ப்புக் கரைசல் ஒன்றை உருவாக்கி 2013-இல் வெளியிட்டது.

வேறு தடைகளும் உள்ளன. ஐஸ் போடாமல் வைத்த இறாலின் தலைப்பகுதி கறுத்துப்போவதைச் சமையலறையில் கண்டிருக்கலாம். காயத்தையும் கிருமியையும் அடைத்து மூடுவதற்காக இறாலின் உடலில் இயங்கும் நொதியின் வேலை அது. திசுவை நறுக்கும்போது அதே நொதி தூண்டப்பட்டு, வளர்ப்புத் தட்டிலும் செல்களைக் கறுக்க வைத்து அழிக்கிறது. எளிதாகக் கிடைக்கும் ரத்தச் செல்களோ, வளர்ச்சியை ஏற்கெனவே முடித்துவிட்டவை. அவற்றைப் பிரியச் செய்வது முதியவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவது போன்றது.

மரபணு வரைபடம்கூடத் தாமதமாகவே கிடைத்தது. வனாமி இறாலின் முழு மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டனர். 25,596 மரபணுக்கள் அதில் அடையாளம் காணப்பட்டன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும் பகுதியாக இருந்ததே அதைப் படித்து முடிக்க இத்தனை காலம் ஆனதற்குக் காரணம். 44 இணை குரோமோசோம்கள் கொண்ட விலங்கு இது என்பதும் பணியை எளிதாக்கவில்லை.

ஆள்மாறாட்டம்

இந்தத் துறையின் வரலாற்றில் சங்கடமான அத்தியாயம் ஒன்று உண்டு. கடல்வாழ் முதுகெலும்பில்லா உயிரினங்களின் செல் வளர்ப்பில் சில வெற்றி அறிவிப்புகள், மறு ஆய்வில் நிலைக்கவில்லை. தட்டில் செழித்துப் பெருகியவை விலங்கின் செல்களே அல்ல; த்ராஸ்டோகைட்ரிட் எனப்படும் ஒற்றைச்செல் கடல் உயிரிகள். உருண்டையாகவும் நிறமற்றும் இருக்கும் இவை நுண்ணோக்கியில் விலங்குச் செல்லைப் போலவே தோன்றும். விலங்கின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வரும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. உண்மையான செல்கள் மடிந்த பின் இவை மட்டும் பெருகும்போது, பொறுமையுடன் காத்திருந்த ஆய்வாளருக்கு அது நீண்டநாள் உழைப்பின் பலனாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்த ஆபத்தை இஸ்ரேல் கடலியல் ஆய்வாளர் பருக் ரின்கெவிச் தம் விரிவான மதிப்பாய்வுகளில் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். மரபணுச் சோதனை மூலம் செல்லின் இனத்தை உறுதிப்படுத்திய பிறகே அறிவிக்க வேண்டும் என்பது இப்போது எழுதப்படாத விதி. இறால் செல் வரிசை உருவாகிவிட்டதாக வரும் எந்தச் செய்தியையும் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

வலுக்கட்டாயமாகப் பிரிய வைத்தல்

இயல்பாகப் பிரியாத செல்லைப் பிரியவைக்க மற்றொரு வழி, புற்றுநோயை உண்டாக்கும் மரபணுவை அதற்குள் செலுத்துவது. குரங்கு வைரஸான எஸ்வி40-இன் மரபணு மனித, எலிச் செல்களில் இதைச் செய்துகாட்டியது. 1995-இல் நீல இறாலின் நிணநீர் உறுப்புச் செல்களில் இதே முயற்சி நடைபெற்றது. பின்னர் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஐ.எஸ்.பிரைட் சிங் தலைமையிலான குழு, புலி இறால் செல்களில் எஸ்வி40 மரபணுவையும் அடினோ வைரஸ் மரபணுவையும் செலுத்திச் சோதித்து, முடிவுகளை 2015-இல் வெளியிட்டது. வெளி மரபணுவை இறால் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பாலூட்டி செல்களுக்காக உருவாக்கப்பட்ட வாகனங்கள் இங்கே நுழைவதில்லை. நுழைந்தாலும் மரபணு விழித்துக்கொள்வதில்லை.

அதே குழு 2021-இல் முற்றிலும் வேறு பாதையை அறிவித்தது. புலி இறாலின் நிணநீர் செல்லையும், முன்னர் குறிப்பிடப்பட்ட படைப்புழுவின் எஸ்எஃப்9 செல்லையும் ஒன்றாக இணைத்துக் கலப்புச் செல் உருவாக்கப்பட்டது. சாகாமல் பிரியும் ஆற்றலைப் புழுவிடமிருந்து கடன் வாங்கும் உத்தி இது. மனித மருத்துவத்தில் எதிரணுக்களைத் தயாரிக்க இதே உத்தி 1970-களிலிருந்து பயன்படுகிறது. ஆயினும் கலப்புச் செல்கள் பிரியப் பிரிய ஒரு தரப்பின் குரோமோசோம்களை இழக்கும் இயல்புடையவை. பல தலைமுறைக்குப் பிறகு அதில் எவ்வளவு இறால் மிஞ்சியிருக்கிறது என்பதைத் தொடர்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். வைரஸ் ஆய்வுக்கு அது உதவலாம். பாதி புழுவான செல்லைச் சாப்பாட்டுத் தட்டில் வைக்க எந்த உணவு நிறுவனமும் முன்வராது.

தட்டுக்கு வரும் பாதை

உணவுத் துறை இதில் நுழைந்தது பின்னர்தான். 2013 ஆகஸ்டில் லண்டனில் டச்சு ஆய்வாளர் மார்க் போஸ்ட், செல்களிலிருந்து வளர்த்த மாட்டிறைச்சியில் பர்கர் சமைத்துக் காட்டியதைத் தொடர்ந்து பல நாடுகளில் நிறுவனங்கள் முளைத்தன. சிங்கப்பூரில் சந்தியா ஸ்ரீராம், கா யீ லிங் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் 2018-இல் தொடங்கிய ஷியோக் மீட்ஸ், ஓட்டுடலிகளைக் கையில் எடுத்தது. 2019-இல் அந்நிறுவனம் தான் வளர்த்த இறால் இறைச்சியைச் சீனக் கொழுக்கட்டையான சியூ மாயில் வைத்துப் பரிமாறியது. அப்போது ஒரு கிலோ இறைச்சியின் விலை 5,000 அமெரிக்க டாலர் என்று 2020 தொடக்கத்தில் அதன் நிறுவனர் தெரிவித்தார். அதை 50 டாலராகக் குறைப்பதே இலக்கு என்றும் கூறப்பட்டது. பின்னர் சிங்கி இறால், நண்டு இறைச்சி மாதிரிகளும் காட்டப்பட்டன. தென்கொரியாவின் செல்மீட் நிறுவனமும் தன் இறால் மாதிரியை 2021-இல் வெளியிட்டது. ஷியோக் மீட்ஸ் 2024-இல் சிங்கப்பூரின் மற்றொரு நிறுவனமான உமாமி பயோவர்க்ஸுடன் இணைந்தது. அதுவரை அதன் இறால் கடைக்கு வரவில்லை.

விலைக்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆய்வுக்கு ஒரு தட்டுச் செல் போதும். உணவுக்கு டன் கணக்கில் தேவை. செல் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து நான்கு எனப் பெருகும் ஆற்றல்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் மூலதனம். அது குன்றியிருந்தால் ஒவ்வொரு முறையும் புதிய இறாலிலிருந்து தொடங்க வேண்டும்; இறாலைக் கொல்லாத இறைச்சி என்ற வாக்குறுதியே அடிபட்டுவிடும். கன்றின் கருச் சீரத்தைச் சார்ந்திருந்தாலும் அதே நிலைதான். அடுத்த சிக்கல் உண்ணும்போது உணரும் பதம். கொழுக்கட்டைக்குள் வைக்கும் விழுதுக்குச் செல் கூழ் போதுமானது. பல்லில் கடிபடும் முழு இறாலுக்கு, ஒரே திசையில் அடுக்கப்பட்ட தசை நார்கள் வேண்டும். அதற்கு உண்ணத்தக்க பொருளால் ஆன சாரம் கட்டி, செல்களை அதன் மீது வளர்க்க வேண்டும்.

சிங்கப்பூர் 2020 டிசம்பரில் வளர்ப்புக் கோழி இறைச்சிக்கு அனுமதி அளித்து உலகில் முதல் நாடானது. அமெரிக்கா 2023-இல் தொடர்ந்தது. அதே ஆண்டு இத்தாலி தடை விதித்தது. கடல் உணவில் முதல் அனுமதி 2025-இல்தான் கிடைத்தது. அமெரிக்காவின் வைல்ட்டைப் நிறுவனம் வளர்த்த சால்மன் மீன் அது. மீன் செல் 1962 முதல் பெருகிவருவதையும், இறால் செல் இன்னும் நின்றுகொண்டிருப்பதையும் நினைவில் கொண்டால் இந்த வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பது விளங்கும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு

இறால் சாப்பிட்டால் உடல் தடித்து, மூச்சுத் திணறும் ஒவ்வாமை உள்ளவர்கள், ஆய்வக இறால் தங்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதிவிடக் கூடாது. இந்த ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் பொருள், ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம். அதை அடையாளம் கண்டு 1993-இல் வெளியான ஆய்வில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினருக்கு முக்கியப் பங்கு உண்டு. உண்மையான இறால் தசைச் செல் எங்கே வளர்ந்தாலும் அந்தப் புரதத்தை உற்பத்தி செய்யும். பெயரில் இறால் என்றிருந்தும் முழுக்கத் தாவரப் பொருள்களால் செய்யப்படும் மாற்று உணவுகள் வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பும் 2023-இல் வெளியிட்ட செல் உணவுப் பாதுகாப்பு அறிக்கையில் ஒவ்வாமை, கிருமித் தொற்று உள்ளிட்ட ஆபத்துகள் பட்டியலிடப்பட்டுள்ளன.

இந்தியாவில் இதுவரை உண்ணும் வழக்கத்தில் இல்லாத உணவுப் பொருளை விற்க விரும்பும் நிறுவனம், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்கீழ் முன் அனுமதி பெற வேண்டும். நாட்டில் வளர்ப்புக் கடல் உணவுக்கான முக்கிய முயற்சி கொச்சியில் நடைபெறுகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், நீட் மீட் பயோடெக் என்ற தனியார் நிறுவனத்துடன் 2024 ஜனவரியில் ஆராய்ச்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. இதன்படி செல் வரிசைகளை உருவாக்குவது அரசு நிறுவனத்தின் பணி. வளர்ப்புக் கரைசல், சாரம், பெரிய கொள்கலன்களில் உற்பத்தி ஆகியவை தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. முதற்கட்டத்துக்கு அறிவிக்கப்பட்டவை வவ்வால், வஞ்சிரம் போன்ற விலை உயர்ந்த மீன் இனங்கள். இறால் அந்த முதற்கட்டத்தில் சேர்க்கப்படவில்லை.